குட்டி மிஷினும் வடகலை நாமமும்

சென்னையில் இருக்கும் மகள் அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். உள்ளே மரம் குடையும் ஒரு குட்டி மிஷின். பெரிய டார்ச் லைட் அளவு இருக்கும். ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் பிட் மாட்டுவதற்கு ஒரு வாய். ஒயர் கிடையாது. கூடவே ஒரு டப்பா நிறைய பிட்டுகள், உருண்டையாகவும் கூம்பாகவும் சுடர் வடிவிலும், பல் டாக்டரிடம் இருந்து தள்ளிக்கொண்டு வந்ததைப் போல. நான் மீசை முளைப்பதற்கு முன்பே உளி பிடித்தவன். காஞ்சிபுரத்தில் பாதிப் பூஜை அறைக் கதவுகள் என் பட்டறையில் இருந்து போனவை என்று சொன்னால் அதில் பொய் கொஞ்சம்தான் இருக்கும். அப்படிப்பட்டவனிடம் இதைக் கொடுத்தால் என்ன அர்த்தம்?

உடனே போன் போட்டேன். “என்னாம்மா இது? யாருக்குப் பல்லு புடுங்கணும்?”

“அத்தா, திட்டாதீங்க. வெச்சிப் பாருங்க. ஒத்து வரலன்னா ரிட்டர்ன் போட்டுடலாம், அதுக்குக் கெடு இருக்குது. ஆனா பாக்காமயே வாணாம்னு சொல்லக் கூடாது. பேட்டரி எவ்ளோ நேரம் நிக்குது, சூடாவுதா, கையில நடுக்கம் தெரியுதா, எல்லாம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பணும்.”

அவள் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறாள். ஒரு பொருள் எங்கே சொதப்பும் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. அவள் இந்த மிஷினை அனுப்பியதற்குக் காரணம் என் வலது கட்டைவிரல். அடிமூட்டு தேய்ந்துவிட்டது. உளியைத் திருப்பித் திருப்பிப் பிடித்த விரல் அது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இனிமேல் உளியும் அதைத் தட்டும் கொட்டாப்புளியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வலியைப் பார்த்து மற்றவர்கள் காட்டும் கருணையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டீக்கடையில் கிளாஸை என் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைக்க ஆரம்பித்தார்கள். சட்டை பட்டனை என் மனைவி போட்டுவிடுவாள், அதுவும் நான் கேட்காமலே. என் மச்சான், அதாவது அவள் தம்பி, மாடுலர் கிச்சன் ஷோரூம் வைத்திருக்கிறான். வாராவாரம் வந்து, “மச்சான், கை வேலை எதுக்கு, கடையில வந்து குந்துங்க. வர்றவங்களுக்கு லேமினேட் கலர் காட்டினா போதும்” என்பான். நல்ல பையன்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் அதைச் சொல்லும்போது நான் எழுந்து பட்டறைக்குள் போய்விடுவேன். தேக்கைத் தொட்ட கையால் பிளைவுட் அட்டையைப் புரட்டிக் காட்டிக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பதா? இந்த மிஷின் எனக்கு உதவவில்லை என்றால் அங்கேதான் போய் உட்கார வேண்டியிருக்கும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நான் வீம்பை விட்டுப் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

அப்போது பட்டறையில் ஒரு கதவு பாதியில் நின்றிருந்தது. சின்னக் காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டு வேலை. ஏனாத்தூரில் கல்லூரியில் பாடம் நடத்தும் அம்மா ஒருவர், தங்கள் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். இடித்த வீட்டின் தேக்கு உத்தரத்தை அறுத்து, அந்தப் பலகையிலேயே பூஜை அறைக் கதவு வேண்டும் என்று கேட்டிருந்தார். கதவின் நடுப்பலகையில் சங்கு, நாமம், சக்கரம். மூன்றும் புடைப்பாக நிற்க வேண்டும். பாய் பட்டறையில் நாமம் செதுக்குகிறார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். என் அப்பாவும் செதுக்கினார், நானும் செதுக்குகிறேன், இந்த ஊரில் யாரும் அதை ஒரு செய்தியாகப் பேசுவதில்லை.

அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குறை சொல்லாமல் ஒரு பொருளையும் அவர்கள் வீட்டுக்குள் விட மாட்டார்கள். அந்த அம்மாவின் அப்பாவுக்கு நான் ஒரு ஊஞ்சல் பலகை செய்து கொடுத்தேன். அவர் அதில் உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் ஒரு சுருள் மற்றதை விடச் சோம்பேறியாக இருக்கிறது என்றார். நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே அதைச் சரி செய்தேன். மகளும் அப்படியே. கதவுக்கு வரைபடம் கொடுத்தபோதே சங்கின் வாய் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று என்னிடம் பெரிய வாக்குவாதம் செய்தார். உண்மையைச் சொன்னால், இப்படிப்பட்டவர்களுக்கு வேலை செய்வதுதான் எனக்குப் பிடிக்கும். கண் இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று தெரிந்தால்தான் கை ஒழுங்காக இருக்கும்.

சங்கையும் சக்கரத்தையும் உளியாலேயே முடித்திருந்தேன். நாமத்தின் வெளிக்கோட்டை வெட்டி, அதைச் சுற்றி மரத்தை இறக்க ஆரம்பித்த இடத்தில்தான் விரல் என்னைக் கைவிட்டது. செதுக்கிய உருவம் நிற்பதற்காகச் சுற்றிலும் இறக்கிய பரப்பை நாங்கள் தரை என்போம். தரை பாதி இறங்கியிருந்தது.

மிஷினைக் கழிவுத் துண்டுகளில் சோதித்தேன். மகளுக்கு மெசேஜ் அனுப்புவது முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, அப்புறம் அதுவே ஒரு ருசியாகிவிட்டது. “வேம்புல போட்டேன்மா. வெண்ணெ வெட்டற மாதிரி போவுது. தேக்குல அழுத்தினா திணறுது, நின்னுடுது. அழுத்தக் கூடாதுன்னு புரிஞ்சிக்கினேன்.” “ஸ்பீடு ஏத்தினா மரம் கருகுது. பொகை வாசனை வருது. நடு ஸ்பீடுதான் சரி.” “உருண்டை பிட்டு குழி பறிக்க. கூம்பு மூலைக்கு. சுடர் பிட்டு எல்லாத்துக்கும் ஆவுது.” “தலைப்பக்கம் சூடாவுது. டீ கிளாஸ் சூடு. புடிச்சிக்கினு இருக்கலாம்.” “நெறைய நேரம் புடிச்சா விரல்ல எறும்பு ஊருது. நடுவுல நிறுத்தி நிறுத்திப் பண்ணணும்.”

முக்கியமான விஷயத்தை நான் அவளிடம் உடனே சொல்லவில்லை. கட்டைவிரல் வலிக்கவில்லை. பேனா பிடிப்பது போலப் பிடித்தால் போதும், மிஷினே மரத்தைத் தின்கிறது. அழுத்தவும் வேண்டாம், திருகவும் வேண்டாம். ஒரு காலை முழுக்க வேலை செய்துவிட்டு எழுந்தபோது கை என் கையாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வேறொரு தொல்லை வந்தது. என் பட்டறைக்கும் பக்கத்து வீட்டு நெசவாளிக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதிலும் மேலே காற்றுக்காகத் துளைகள் உண்டு. உளியால் செதுக்கினால் சிராய் என் காலடியில் விழும். மிஷினோ மரத்தை மாவாக்கிப் பறக்கவிடுகிறது. மறுநாள் காலை அவர் என் வாசலில் வந்து நின்றார். கோபம் இருந்தது, ஆனால் மரியாதையாகவே பேசினார்.

“என்னா பாய், தறியில பாவு ஏத்தி வெச்சிருக்கறேன். சந்தனக் கலர். அதும் மேல பொடி பொடியா வந்து குந்துது. தொடச்சா அப்பிக்குது.”

“மன்னிச்சிக்கோங்க நைனா. புதுசா ஒரு மிஷின் வந்துக்குது. கவனிக்கல.”

“கைக்கு ஆவுதா?” என்று கேட்டார். இவரும் ஆரம்பித்துவிட்டாரே என்று நினைத்தேன். ஆனால் அவர் மிஷினை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒயர் இல்லியே. மாடிக்கு எடுத்துக்கினு போயேன், யார் கேக்கறா?” என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. பட்டறை வேலையைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. கீழே குழல் விளக்கில் கண்ணுக்குத் தப்பிய மேடு பள்ளமெல்லாம் அங்கே நிழலோடு தெரிந்தது. ஒயர் இல்லாததற்கு இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவரோரம் நிழலில் உட்கார்ந்து, எல்லாம் நமக்குத் தெரிந்துவிட்டது என்ற தெனாவெட்டில் கழிவுத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகக் கதவுப் பலகையில் கை வைத்தேன்.

அப்போதுதான் நடந்தது.

நான் எப்போதும் போலத் தரையில் உட்கார்ந்து, பலகையின் அடியைக் காலால் அணைத்துக்கொண்டிருந்தேன். உளி வேலையில் அதுதான் எங்கள் பழக்கம். கால்தான் எங்களுக்கு இடுக்கி. நாமத்தின் அடி வளைவுக்குக் கீழே தரையை இறக்க வேண்டும். உளிக்காரனுக்கு ஊறிப்போன பாடம், மரத்தின் இழையோடு போ என்பது. நானும் இழையோடு போனேன். பிட் சுற்றுகிற திசையும் என் கை போகிற திசையும் ஒன்றாகிவிட்டன. மிஷின் ஒரு துள்ளு துள்ளி, வளைவின் அடியிலிருந்து நேராகக் கீழே ஓடியது. கால் கட்டைவிரலுக்குச் சற்று முன்னால் நின்றது. கால் தப்பியதைக் கூட நான் அப்போது கவனிக்கவில்லை. பலகையைத்தான் பார்த்தேன்.

நாமத்துக்குக் கீழே ஒரு பள்ளம். நேராக, அழகாக, நடுவில். அளந்து வைத்த மாதிரி.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வடகலை நாமம் அடியில் வளைந்து அப்படியே முடிந்துவிடும். தென்கலை நாமத்தில் அந்த அடியிலிருந்து ஒரு கோடு மூக்கின் மேல் இறங்கும். அதைப் பாதம் என்பார்கள். இருக்கிற வித்தியாசம் அந்த ஒரு கோடுதான். ஆனால் அந்தக் கோட்டுக்காக இந்த ஊரில் எத்தனை தலைமுறையாக வழக்கு நடந்திருக்கிறது என்று காஞ்சிபுரத்தில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். சுத்தமான வடகலைக் குடும்பத்தின் பூஜை அறைக் கதவில், இந்தப் பாய், மிஷினை வைத்துப் பாதம் இறக்கிவிட்டான்.

மனைவி மாடிக்கு டீ கொண்டுவந்தாள். பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“என்னாங்க, ஆளையே கட்சி மாத்திட்டீங்களா?”

“சிரிக்காத.”

“சிரிக்கல. வேற பலகை போட முடியாதா?”

“அவங்க வூட்டு உத்தரம். வேற எங்க போயி வாங்கறது? சங்கும் சக்கரமும் வேற இதுலயே இருக்குது.”

அந்தப் பள்ளத்தை மறைக்க அதே இடத்தில் ஒரு தாமரை செதுக்கிவிடலாமா என்று கேட்டேன். எனக்கே புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது. அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அந்தப் பக்கத்துக்காரங்க பாதத்துக்குக் கீழ என்னா போடறாங்க? தாமரைதானே? இப்ப பாதி பாதமா இருக்குது. நீங்க அத்த முழு பாதமா ஆக்கிடுவீங்க.”

அவள் சொன்னது சரி. டீயை எடுத்துக் குடித்தேன். கெடு முடிவதற்குள் மிஷினைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். பெட்டியைத் தேடிப் பிட்டுகளைக்கூட அதன் குழிகளில் திருப்பி வைக்க ஆரம்பித்துவிட்டேன். மச்சானின் கடை கண் முன்னால் வந்தது. அங்கே ஏசி இருக்கிறது, சுழல் நாற்காலி இருக்கிறது, வருகிறவர்களுக்கு ஜூஸ் கொடுப்பார்கள். அதில் ஒன்றுகூட எனக்கு வேண்டாம்.

மறுநாள் அந்தப் பேராசிரியை அம்மா வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வருவது அவர் வழக்கம், வேலை நடக்கும்போது பிடிக்க வேண்டும் என்பதற்காக. நான் எதையும் மறைக்கவில்லை. பலகையைத் துணியில் மூடி வைக்கக்கூட இல்லை. வாசல் வெளிச்சத்தில் நிமிர்த்தி வைத்து, “பாருங்க மேடம், மிஷின் வழுக்கிடுச்சு” என்றேன். அவரிடம் வாங்கப் போகிற திட்டுக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். சொல்லப்போனால் அந்தத் திட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கினால் பதில் சொல்லலாம்.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் பள்ளத்தைத் தடவினார். அப்புறம் என் கையைப் பார்த்தார். வலது கட்டைவிரல் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டரையும் பார்த்தார்.

“பரவாயில்லை பாய்” என்றார் மெதுவாக. “கை முடியாத நேரத்துல நீங்க இவ்வளவு பண்ணினதே பெரிசு. புட்டி வெச்சு அடைச்சுப் பாலிஷ் போட்டுடுங்கோ. யார் உத்துப் பார்க்கப் போறா?”

ஊஞ்சலில் ஒரு சுருள் சோம்பேறியாக இருக்கிறது என்று சொன்னவர் பெற்ற பெண், யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முகத்தில் அறைந்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவர்கள் வீட்டில் குறையோடு ஒரு பொருள் உள்ளே போகிறது என்றால், அதைச் செய்தவனை அவர்கள் ஆசாரிகளின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். குழந்தை கிறுக்கிய படத்தைச் சுவரில் மாட்டுவது போல என் கதவை மாட்டிக்கொள்ளப் போகிறார்.

“புட்டியெல்லாம் என் பட்டறையில கெடையாது மேடம்” என்றேன். குரல் கொஞ்சம் தூக்கலாகத்தான் வந்தது. “கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி கதவு வரும். நீங்க போயிட்டு வாங்க.”

“இல்ல பாய், நீங்க சிரமப்பட்டுண்டு...”

“சிரமம் என்னுது. நீங்க போயிட்டு வாங்க.”

அவர் போனதும் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். “நல்ல மாதிரி பேசினவங்கள எதுக்கு வெரட்டறீங்க?” என்றாள். “நல்ல மாதிரி பேசினாங்களே, அதுக்குத்தான்” என்றேன். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பெட்டியில் அடுக்கி வைத்திருந்த பிட்டுகளை அவளே எடுத்து வெளியே வைத்தாள்.

பள்ளத்தை அடைப்பது பற்றி நான் யோசிக்கவே இல்லை. அடைத்தால் அது என்றைக்கும் அடைத்த பள்ளம்தான். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துக்குப் பலகை முழுவதும் தரையை இறக்கிவிட வேண்டும். நாமத்தைச் சுற்றி, சங்கைச் சுற்றி, சக்கரத்தின் ஜ்வாலைகளுக்கு நடுவில் இருக்கும் சந்து பொந்தெல்லாம். பள்ளத்தின் அடியே தரையாகிவிட்டால் பள்ளம் எங்கே இருக்கும்? உளியால் இதைச் செய்வதாக இருந்தால், விரல் நன்றாக இருந்த காலத்திலேயே நான் பெருமூச்சு விட்டிருப்பேன். விரல் இருக்கிற நிலைமையில் நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே தப்புச் செய்த மிஷினிடமே வேலையைக் கொடுத்தேன். இதைவிடப் பெரிய சோதனை அதற்கு வேறு வைக்க முடியாது.

இந்தத் தடவை பலகையைக் காலால் பிடிக்கவில்லை. மாடியில் ஒரு பழைய மேஜையைப் போட்டு, கிளாம்ப் போட்டு முறுக்கினேன். முறுக்கியது மனைவி, அவள் கட்டைவிரல் நன்றாக இருக்கிறது. கழிவுத் துண்டில் மறுபடி உட்கார்ந்தேன். உளிக்காரனின் புத்தியை ஓரம் கட்டி வைத்துவிட்டு, மிஷின் என்ன கேட்கிறது என்று பார்த்தேன். பிட் சுற்றுகிற திசைக்கு எதிராக நகர்த்தினால் அது ஓடுவதில்லை, மரத்தைக் கடித்து நிதானமாகத் தின்கிறது. அதன் திசையோடு போனால் சக்கரம் மாதிரி மரத்தின் மேல் ஓடுகிறது. இழை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. இவ்வளவுதான் விஷயம். இது புரியாமல்தான் ஒரு நாமத்துக்குப் பாதம் இறக்கினேன்.

மகளுக்குச் சொன்னேன். “அது மேல தப்பு இல்லம்மா. என் கை பழக்கம் வேற, அதோட பழக்கம் வேற.”

“அப்ப ரிட்டர்ன் போடட்டுமா வாணாமா? கெடு முடியப் போவுது அத்தா.”

“இரு. பாஸா ஃபெயிலான்னு பலகை சொல்லட்டும்.”

வெயில் ஏறும் முன்பே தினமும் மாடிக்குப் போய்விடுவேன். ஒரு பேட்டரி தீரும் வரை வேலை, அது சார்ஜ் ஆகும் வரை ஓய்வு. அந்த ஓய்வைத்தான் விரல் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. உளி வேலையில் யார் ஓய்வு கொடுத்தார்கள்? உருண்டை பிட்டை வைத்துச் சிறு சிறு குழிகளாக ஒரே ஆழத்துக்குப் பறித்தேன். பள்ளத்தின் ஆழத்துக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு, குழிக்குக் குழி இறக்கிப் பார்த்தேன். அப்புறம் குழிகளுக்கு நடுவில் நின்ற மேடுகளைச் சமப்படுத்தினேன். சக்கரத்தின் ஜ்வாலைச் சந்துகளில் உளி நுழையவே நுழையாது. கூம்பு பிட் தானாகப் போய் வந்தது. தேக்குத் தூள் துண்டையும் தாண்டி மூக்கில் ஏறி, சாப்பாட்டில்கூட அந்த வாசனைதான் இருந்தது. பக்கத்து வீட்டு நெசவாளி மாடியில் துணி காயப் போட வரும்போதெல்லாம், “பாவுக்கு இப்ப தொந்தரவு இல்ல பாய்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

தரை இறங்க இறங்க ஒரு வேடிக்கை நடந்தது. நாமமும் சங்கும் சக்கரமும் மேலே வந்தன. முதலில் நான் போட்ட ஆழத்தை விட இது அதிகம். பக்கவாட்டு வெயிலில் மூன்றும் நிழல் விழுந்து எடுப்பாக நின்றன. நான் முதலிலேயே இவ்வளவு ஆழம் போட்டிருக்க வேண்டும். விரலுக்குப் பயந்து கஞ்சத்தனம் செய்திருக்கிறேன். கடைசியில் பள்ளம் இருந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். விரல் எங்கேயும் நிற்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு அவளையும் தடவச் சொன்னேன். அவள் இரண்டு தரம் தவறான இடத்தைக் காட்டினாள். அப்போதுதான் மகளுக்கு மெசேஜ் அனுப்பினேன்: “ரிட்டர்ன் போடாத. இன்னொரு பேட்டரி மட்டும் அனுப்பு.”

எண்ணெய் கொடுத்து, கதவைக் கோத்து, பட்டறை வாசலில் சாய்த்து வைத்த அன்றைக்குப் பேராசிரியை அம்மா வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். நாமத்தின் அடியில் விரலை வைத்துக் கீழே இழுத்தார். மேலே கொண்டுபோய் மறுபடி இழுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பலகையில் முகம் முட்டும் அளவுக்குக் குனிந்தார். சங்கைப் பார்த்தார், நாமத்தைப் பார்த்தார். சக்கரத்துக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“பாய், இங்க வாங்கோ.”

போனேன்.

“இந்தச் சக்கரத்துல மேல் ஜ்வாலை, மத்ததை விடக் கொஞ்சம் தடிப்பா இல்ல? பாருங்கோ. பக்கத்துல இருக்கறதெல்லாம் சன்னமா இருக்கு. இது மட்டும் நன்னா சாப்பிட்டுட்டு வந்த மாதிரி இருக்கு.”

நானும் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஒரு நூல் அளவு தடிப்பு. அந்த ஜ்வாலை மிஷின் செய்ததல்ல. விரல் முழுசாகக் கைவிடுவதற்கு முன்னால், நான் உளியால் செதுக்கிக் கையைத் தட்டிவிட்டு எழுந்த ஜ்வாலை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

“அது வெளிச்சத்துக்கு அப்படித் தெரியுது மேடம்.”

“வெளிச்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குக் கண் நன்னாவே தெரியும். சரி பண்ணிட்டு அனுப்புங்கோ. இப்படியே நான் எடுத்துண்டு போக மாட்டேன்.”

“நாளைக்குக் காலையில வாங்க.”

“நாளைக்குன்னா நாளைக்கு. சாக்கு சொல்லக் கூடாது.”

முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் திரும்பும்போதும் அவர் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மனைவி, “இவ்ளோ திட்டு வாங்கிக்கினு எதுக்குச் சிரிக்கிறீங்க?” என்று கேட்டாள். நான் சார்ஜரில் இருந்த பேட்டரியைக் கழற்றி மிஷினில் மாட்டினேன். கூம்பு பிட்டை எடுத்துக்கொண்டு, கதவின் ஒரு முனையை அவளைப் பிடிக்கச் சொல்லி மாடிப்படி ஏறினேன்.

வந்ததிலிருந்து போகிற வரைக்கும் அந்த அம்மா என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.